ஐந்தாம் மாடியில் ஈறு கட்டிய பாட்டில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததல்ல. என் தங்கை என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். 'தகும்' என்றோ 'தகாது' என்றோ முடிகிற வாக்கியம். அதை எழுத உட்கார்ந்தவன்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கேள்வி இதுதான். சாதாரண பீரைப்போல மூன்று மடங்கு போதை ஏற்றுவதும், ஒரு பாட்டில் விலைக்கு ஒரு ஜோடி நல்ல தோல்செருப்பு வாங்கிவிடக்கூடியதுமான, கைப்பட காய்ச்சிய கடும் பீர் ஒன்று அந்த விலைக்குத் தகுமா, தகாதா?

சிரிக்க வேண்டாம். இந்தப் பதிலில் ஒரு வீடு மாட்டிக்கொண்டிருக்கிறது. தங்கையும் அவள் கணவரும் சேர்த்துவைத்த பணம் ஒரு காரியத்துக்குத்தான் காணும். தங்கைக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, குடியிருப்பதோ ஐந்தாவது மாடி. மாப்பிள்ளைக்கோ அந்தப் பணத்தை, மேற்படி பீரைக் காய்ச்சுகிற நண்பரின் தொழிலில் போட்டுப் பங்காளியாக வேண்டும். சண்டை போட்டுச் சலித்தபின் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பீர் விலைக்குத் தகும் என்றால் பணம் பீருக்கு. தகாது என்றால் வீட்டுக்கு. தீர்ப்பு எழுத என்னைப் பிடித்தார்கள்.

ஏன் என்னை? ஒரு பம்புசெட் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் உத்தியோகம். 'தண்ணீர் ஏறவில்லை' என்று ஒருவர் எழுதுவார். தாங்கள் கூறுவது முற்றிலும் சரி என்று தொடங்குவேன். ஆயினும் என்று மெல்லத் திரும்புவேன். கடைசிப் பத்திக்குள், அவர் கிணற்றில் தண்ணீரே இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்ளும்படி செய்துவிடுவேன்.

"அண்ணன் எதையும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு யோசிக்கும்," என்றாள் தங்கை.

ஆகவே நம்பர் போட்டிருக்கிறேன்.

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் கீழே.

'அந்த மாலையில் மேசையின் நடுவே பாட்டில், தண்டனைக்குக் காத்திருக்கும் கைதியைப் போல—'

வேண்டாம். பாட்டிலுக்கு எந்தக் கவலையும் இல்லை. கவலையெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான்.

'பொருள்: கடும் பீரின் விலை நியாயம் குறித்து. ஐயா, மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள்—'

இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தாளைப் படித்த தங்கை, "நீ எனக்கு எழுதுறியா, பம்புக்கு எழுதுறியா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

'லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தார்.'

இது நல்ல தொடக்கம்தான். ஆனால் கதைக்காகப் பண்ணியது என்பீர்கள். என்ன செய்ய? மாப்பிள்ளையின் தொழிலும் அதுதான், கட்டடமும் அப்படித்தான். கட்டியவர் லிஃப்டுக்கு இடம் விட்டார், லிஃப்டை விட்டுவிட்டார். அந்தப் பொந்தில் கட்டடவாசிகள் சைக்கிள் நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளை நாள் முழுக்க ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வந்து, தன் சைக்கிளையும் அதிலேயே பூட்டிவிட்டு, நடந்து ஏறுகிறார்.

[தங்கை பச்சை மையில் ஓரத்தில் எழுதியது: அவர் விசிலடிச்சுக்கிட்டே ஏறுவார். அதையும் எழுது. அதுதான் எரிச்சல்.]

(தாள்களை இருவரும் படிக்கிறார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவரவர் கட்சிக்குப் பாதகமாக ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்க்கிறார்கள். தங்கைக்குப் பச்சை மை, மாப்பிள்ளைக்குப் பென்சில்.)

3

இப்போது பீர் காய்ச்சுகிறவர் உள்ளே வர வேண்டும். இந்தக் கதாபாத்திரத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு வரைவில் அவரைப் பேக்கரிக்காரராக மாற்றிப் பார்த்தேன், பொருத்தமாக இருந்தது. மாவு புளிக்கிற கணக்குத் தெரிந்தவர், பீருக்கு வந்தார் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் இவர் பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து அனுப்புகிறவர். டயர்க்கடைக்குப் பின்னாலிருக்கும் அவருடைய ஷெட்டில் இந்தப் பக்கம் பல், அந்தப் பக்கம் பீப்பாய்.

"காலம் பூரா வாய்க்குள்ள போற சாமானாவே செஞ்சேன் சார்," என்றார் என்னிடம், முதல் சந்திப்பிலேயே. "ஒரு வாயைக்கூட நேர்ல பாத்ததில்ல. அச்சு வரும், செட்டு போகும். போட்டுக்கிட்டவங்க சிரிச்சாங்களா, கழட்டி வச்சாங்களா, ஒண்ணும் தெரியாது. இதுலயாவது எதிர்ல உக்காந்து பாக்கலாம்னுதான் இறங்கினேன்."

இதைக் கேட்டபின் அவரைப் பேக்கரிக்காரராக்க எனக்கு மனம் வரவில்லை.*

* அவர் பேசும்போது நம் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் நமக்கும் கூச்சம் வந்து கையால் மூடிக்கொண்டு பேசத் தொடங்குவோம்.

அவருடைய பழைய தொழில் புதிய தொழிலுக்குள் வந்து நின்ற இடம் ஒன்று உண்டு. கதை அங்கேதான் முட்டிக்கொள்கிறது. விலையுயர்ந்த பாட்டில்களின் மூடிமேல் மெழுகை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பது வழக்கமாம். பல்செட்டுக்காரருக்கு மெழுகின்மேல் மரியாதை இல்லை. அவர் தொழிலில் மெழுகு வெறும் ஒத்திகை. பல்லை மெழுகில் நட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கை இறக்கி இறுக வைப்பார்கள். அதுதான் பல்செட்டின் ஈறு. கை பழகிய வழியே போனது. பாட்டிலுக்கும் ஈறு கட்டிவிட்டார், மூடியிலிருந்து கழுத்துவரை. ஈறில் இருக்கும் மேடு பள்ளம்கூட விட்டுப்போகவில்லை.

4

தீர்ப்பு நாளன்று மாலை ஐந்தாவது மாடிச் சமையலறையில் நால்வர் இருந்தோம்: தங்கை, மாப்பிள்ளை, பல்செட்டுக்காரர், நான். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். முழங்காலில் துண்டு. சுருக்கமாகச் சொன்னால் அவளுடைய வாதம் மொத்தமும் அந்த நாற்காலியில் இருந்தது.

பாட்டில் திறக்கவில்லை.

மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினார். பிறகு லிஃப்டுக்கு எடுத்துப்போகும் பையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்தார். நான் வெந்நீரில் முக்கலாம் என்றேன்.

"பீர் கெட்டுடும் சார்," என்றார் பல்செட்டுக்காரர். அவர் முகத்தில் கவலையோடு ஒரு பெருமையும் இருந்தது. "சுலபத்துல வராது. எலும்பைக் கடிச்சாலும் அசையாத ஐட்டம்."

தங்கை பல்செட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, உங்க பீரை யாராவது குடிச்சிருக்காங்களா?"

"வித்திருக்கேன்மா."

"அதைக் கேக்கல."

அவர் யோசித்தார். "ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"திறந்தாங்களா?"

"அழகா இருக்குன்னு சொல்லுவாங்க. ஷோகேஸ்ல வச்சிருக்கறதா போட்டோ அனுப்புவாங்க."

மாப்பிள்ளை ஸ்பானரைக் கீழே வைத்தார். தன் வருங்காலத் தொழிலில் இதுவரை ஒரு வாடிக்கையாளர்கூடச் சரக்கை வாயில் வைக்கவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவர் அசருகிற ஆள் இல்லை.

"அப்ப யோசிச்சுப் பாருங்க மச்சான்," என்றார் என்னைப் பார்த்து. "குடிக்காமலே இந்த விலைக்குப் போயிருக்கு. குடிச்சா எவ்வளவுக்குப் போகும்?"

[தங்கை: இந்த இடத்துல நான் சிரிச்சதை எழுதாம விட்டுட்டே. சிரிச்சேன். அதுக்காக ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல.]

கடைசியில் பல்செட்டுக்காரர் தன் பையைத் திறந்தார். உள்ளே பல் ராவுகிற சின்ன மெஷின். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாட்டிலின் கழுத்தில் துண்டைச் சுற்றி, இடது கையால் அதன் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டார். மெஷின் கூவத் தொடங்கியதும் எங்கள் மூவருக்கும் கன்னத்தில் கை போயிற்று. இளஞ்சிவப்புத் தூள் மேசையெங்கும் பறந்தது. பாட்டில் மட்டும் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது.

5

சுவையை எழுத வேண்டிய இடம். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

'நாவில் பட்டதும் ஓர் இசை—'

இல்லை. நிறம் கறுப்பு. ஊற்றும்போது எண்ணெய்போல இறங்கியது. கருக்கிய சர்க்கரை, கடைசி வாய்க் காப்பி, மழையில் நனைந்த மரக்கட்டை. இவற்றுக்கெல்லாம் பின்னால், புதுச் செருப்புக்கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசனை. (விலையைச் செருப்பில் சொன்னதால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.) விழுங்கியபின் நெஞ்சுக்குள் யாரோ விளக்கை ஏற்றிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனதுபோல் இருந்தது.

நான் முறைப்படி போகிறவன். விலைக்கான காரணத்தைக் கேட்டேன். பல்செட்டுக்காரர் என் வாயைப் பார்த்தபடி சொன்னார்: ஒரு பானைக்குப் போட வேண்டிய முளைகட்டின பார்லியை மூன்று மடங்கு போட வேண்டும், மரப்பீப்பாயில் ஒரு வருடம் உறங்கவிட வேண்டும், அந்த உறக்கத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

"காத்துல போனதுக்கும் நாங்கதான் காசு குடுக்கணுமா?" என்றாள் தங்கை. "போதைதான் வேணும்னா விஸ்கி வாங்கிக்கலாமே."

"விஸ்கி குடிச்சா மூஞ்சி சுருங்கும்மா. இதுக்கு விரியுது. சார் மூஞ்சியைப் பாரு."

எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். விரிந்திருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

"சரி, சொல்லுண்ணே," என்றாள் தங்கை.

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் இந்த வழக்கின் ஓட்டை எனக்குத் தெரிந்தது. குடிக்காதவன் தீர்ப்புச் சொன்னால் செல்லாது. அவனுக்கு என்ன தெரியும்? குடித்தவன் சொன்னாலும் செல்லாது. மூன்று மடங்கு போதை உள்ளே இருக்கிறது, பேசுவது அவனா அதுவா? சாதாரண பீராக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இது தன்னைப் பற்றிய சாட்சியைத் தானே கலைத்துவிடுகிற பொருள். இதை நான் அவர்களிடம் விளக்கமாகச் சொன்னேன். விளக்கத்தின் நடுவே இன்னொரு டம்ளர் குடித்ததாகத் தெரிகிறது.

"லோடு டெஸ்ட் பண்ணிடுவோம்," என்றார் மாப்பிள்ளை. "லிஃப்ட்ல அஞ்சு பேர்னு எழுதியிருந்தா, அதுக்கும் மேல எடையை ஏத்தித்தான் பிரேக் நிக்குதான்னு பாப்போம். மச்சானுக்கு இன்னொரு டம்ளர் ஊத்துங்க. அதுக்கப்புறமும் தெளிவா எழுதினா தீர்ப்பு ஸ்ட்ராங்குனு அர்த்தம்."

எந்த மெக்கானிக்கும் செய்யாத தவறு இது. லோடு டெஸ்டில் எடைக்கட்டிகளை ஏற்றுவார்கள், பரிசோதகரையே ஏற்றமாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, கைகூசாமல் தீர்ப்பை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, கூடத்துச் சோபாவில் சாய்ந்தேன்.

காலையில் படித்தோம். என் கையெழுத்துதான். மணிமணியாக இருந்தது.

'மேற்படி பாட்டில் முழங்காலுக்கு மிகவும் உகந்தது. தரைத்தளத்தில் வைக்கவும்.'

"பாத்தியா? உகந்ததுன்னு போட்டிருக்கு," என்றார் மாப்பிள்ளை.

"தரைத்தளம்னு போட்டிருக்கு," என்றாள் தங்கை. "அடுத்த வரியைப் படிங்க."

அன்றிலிருந்து அந்தத் தாளின் ஆளுக்கொரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

6

ஆகவே தெளிந்த புத்தியோடு, மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: தகும். மாப்பிள்ளை பங்காளி ஆகிறார். ஷெட்டில் இடம் போதாமல் பீப்பாய்களை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்காக அந்தப் பொந்தில், சைக்கிள்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, மாப்பிள்ளை கம்பியும் கப்பியும் கட்டி ஒரு தூக்கி அமைக்கிறார். கட்டடத்துக்கு முதன்முதலாக லிஃப்ட் வருகிறது. தங்கை ஒரு பீப்பாயின்மேல் உட்கார்ந்து, மாடி மாடியாக, அக்கம்பக்கத்தாருக்குக் கையசைத்தபடி மேலே போகிறாள்.

[தங்கை: என்னைச் சாமானோட ஏத்தாதே.]

[மாப்பிள்ளை, பென்சிலில்: ஆளை ஏத்த லைசென்ஸ் வேணும் மச்சான். ஆனா ஐடியா நல்லாருக்கு.]

முடிவு ஆ: தகாது. தரைத்தளத்தில் வீடு. வாசலில் ஒரே ஒரு படி. அதையும் இடித்துச் சாய்வாக்குகிறார்கள். தங்கை நடந்து கடைக்குப் போகிறாள், நடந்து திரும்புகிறாள், அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தால் தயங்காமல் திரும்பிப் போய்ப் பார்க்கிறாள். மாப்பிள்ளை ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார். விசிலடிக்க அவருக்கு இப்போது மாடி இல்லை. பல்செட்டுக்காரர் பீப்பாய்களை விற்றுவிட்டு, வருகிற அச்சுக்குப் பல் நட்டு, போகிற வாய் எதுவென்று தெரியாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

[மாப்பிள்ளை: இதுல எனக்கு ஒரு வசனம்கூட இல்ல.]

[தங்கை: படிச்சுட்டு ரெண்டு நாளா அவர் சரியா சாப்பிடல. இதை மாத்து. வீட்டை மாத்தாதே, அவரை மாத்து.]

முயன்றேன். முடியவில்லை. பீர் இல்லாத மாப்பிள்ளையைச் சிரிக்க வைத்தால், பீர் வேண்டுமென்ற அவர் வாதமே பொய்யாகிவிடுகிறது.

முடிவு இ: பாட்டில் கை தவறிக் கீழே—

இல்லை. எழுதுகிறவனுக்கு வழி தெரியாதபோதுதான் கதைகளில் பாட்டில்கள் உடைகின்றன.

7

இதை எழுதத் தொடங்கியபோது ஓர் எண்ணம் இருந்தது. பீர் சுமாராக இருந்தால் தகாது என்று எழுதிவிடலாம். அற்புதமாக இருந்தால் தகும் என்று எழுதிவிடலாம். விலையும் சுவையும் தராசின் இரண்டு தட்டுகள் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் பீர் ஒரு தட்டில் இருக்க, எதிர்த்தட்டில் செருப்பு வந்தது, வீடு வந்தது, நாற்காலியில் நீட்டிய கால் வந்தது. ஷோகேஸில் வைத்தவர்களுக்கு எதிர்த்தட்டில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அவர்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

நேற்று மதியம் இந்தத் தாள்களோடு மேலே ஏறிப்போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். பாட்டிலில் கால்வாசி மிச்சமிருந்தது. பல்செட்டுக்காரர் மறுபடி ஈறு கட்டித் தருகிறேன் என்று கெஞ்சியும் தங்கை விடவில்லையாம்; ஒரு கார்க்கை அழுத்தி வைத்திருந்தாள்.

"எல்லாரும் குடிச்சீங்க," என்றாள். "வீடு என்னுது, கால் என்னுது. என்னை ஒருத்தரும் குடிக்கறியான்னு கேக்கல."

உண்மைதான். நான்கு பேர் இருந்த அறையில் டம்ளர் மூன்றுதான் வைத்தோம். பக்கம் பக்கமாக எழுதிய எனக்கும் அது உறைக்கவில்லை.

கார்க்கைப் பிடுங்கி, ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, மருந்து குடிப்பதுபோல் மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். சுளித்த மூக்கு மெல்ல மெல்ல நேரானது. பல்செட்டுக்காரர் பார்த்திருக்க வேண்டிய வாய் அது. அவர் அங்கே இல்லை.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணே," என்றாள். "அதான் சங்கடம். நல்லா இல்லைன்னா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்."

"அப்ப என்ன எழுதட்டும்?"

"என்னைக் கேட்டா? எழுதறது நீதானே."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லவா, உனக்குப் பிடிச்சுப்போச்சுன்னு?"

"சொன்னே, கொன்னுடுவேன்." காலை நாற்காலியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். "அவர் பாவம். சொன்னா உடனே சந்தோஷப்பட்டுடுவார்."

இந்தப் பக்கத்தை மட்டும் மாப்பிள்ளைக்குக் காட்டவில்லை. உங்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

8

ஒரு வாக்கியம் கேட்டார்கள். எனக்கு எழுத வரவில்லை. நான் எதை எழுதினாலும் ஒருவருக்கு அண்ணனாகவோ, இன்னொருவருக்கு மச்சானாகவோதான் எழுதுவேன். நீங்கள் வெளியாள். வந்து எழுதிக் கொடுங்கள்.

முகவரி எளிது. சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொந்து தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு போகிற படிகளில் ஏறுங்கள். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கும்போது நீங்கள் தங்கை கட்சி. மேலே கதவு திறந்திருக்கும். பாட்டிலில் உங்களுக்கென்று ஒரு வாய் மிச்சம் வைத்திருக்கிறோம். பல்செட்டுக்காரரும் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்; உங்கள் வாயையே பார்ப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். விழுங்கியதும் உள்ளே விளக்கு எரியும். அப்போது நீங்கள் மாப்பிள்ளை கட்சி. அங்கேயே அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடாதீர்கள். அது தீர்ப்பல்ல, பீர்.

விடைபெற்றுக்கொண்டு இறங்குங்கள். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்று தங்கை சொல்வாள். அவள் கைப்பிடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரே படியில் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்குவாள். நீங்களும் ஐந்து மாடியும் அப்படியே இறங்கிப் பாருங்கள். நெஞ்சில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

கீழே வரும்போது, பொந்தருகே ஒருவர் குனிந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருப்பார். நிமிர்ந்ததும் விசிலடிக்கத் தொடங்குவார். அதற்குள் அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள்.